ஐம்பத்து மூன்றால் வகுத்த மீதி

இந்த ஆண்டு இஸ்பஹானில் கரி நன்றாக இல்லை. மழையில் நனைந்த விறகைச் சுட்டுக் கரியென்று விற்கிறார்கள். உள்ளே ஈரம் நிற்பதால் கனன்று சாம்பல் பூக்க நெடுநேரம் எடுக்கிறது. தாருகா அவர்களே, உங்கள் அறைக் கணப்பிலும் அதே கரிதான் போலிருக்கிறது. குறை சொல்லவில்லை. இந்த நகரத்தின் காவல்தான் உங்கள் பொறுப்பு, கரி அல்ல.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என் கையைக் கட்டி வைக்க வேண்டிய தேவையில்லை. கணக்கு சொல்லும்போது எனக்குக் கை வேண்டும். அவிழ்த்துவிட்டதற்கு நன்றி. உங்கள் எழுத்தர் நான் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். எண்கள் வரும் இடத்தில் மட்டும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வரி அலுவலகத்தில் கணக்குப் படித்தவர் என்றார்கள். அது படிப்பில் சேர்த்தி இல்லை.

முதலில் நட்பு எண்கள் என்றால் என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் உஸ்தாத் ரஜபலி ஏன் செத்தான் என்பது உங்களுக்குப் புரியாது. பொறுமையாகவே சொல்கிறேன். பத்து வருடமாகப் புரியாதவர்களுக்குச் சொல்லியே பழகியவன் நான்.

இருநூற்று இருபது என்று ஓர் எண். அதை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களை, அதை மட்டும் விட்டுவிட்டு, வரிசையாக எடுங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, பத்து, பதினொன்று, இருபது, இருபத்திரண்டு, நாற்பத்து நான்கு, ஐம்பத்தைந்து, நூற்றுப்பத்து. கூட்டினால் இருநூற்று எண்பத்து நான்கு வரும். இப்போது அந்த இருநூற்று எண்பத்து நான்கை எடுங்கள். அதை வகுப்பவை ஒன்று, இரண்டு, நான்கு, எழுபத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு. கூட்டுங்கள். இருநூற்று இருபது. ஒன்றின் துண்டுகளைச் சேர்த்தால் மற்றது எழுந்து நிற்கிறது. அதன் துண்டுகளைச் சேர்த்தால் முதலாவது எழுந்து நிற்கிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் உலகத்தில் இவ்வளவு சுத்தமான விஷயம் வேறெதுவும் இல்லை.

இதைக் கடைத்தெருவில் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு இனிப்பின் மேல் இருநூற்று இருபது என்று எழுதி மாப்பிள்ளைக்கும், இன்னொன்றின் மேல் இருநூற்று எண்பத்து நான்கு என்று எழுதிப் பெண்ணுக்கும் கொடுக்கிறார்கள். தின்றால் அன்பு பெருகுமாம். மாமியாருக்கும் மருமகளுக்கும்கூட விற்பதாகக் கேள்வி. எழுதுகிறவனுக்கு வகுக்கத் தெரியாது, தின்கிறவனுக்கு எண்ணத் தெரியாது.

இந்தக் கூட்டத்தின் தலைவர்தான் நாசிர் பேக். ஷாவின் குதிரை லாயத்துக்கு அதிகாரி. குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார். அவருடைய கணித அறிவு அதோடு முடிகிறது. இந்தக் குளிர்காலத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் சாப்பாடு சாப்பிட இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு நட்பு எண். எண் கேட்டு என்னை அழைத்தார். நல்ல யோசனைதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"இருநூத்தி இருபதெல்லாம் வேண்டாம் முல்லா, அது கழுதைக்காரன் வீட்டுக் கல்யாணத்துல கூட வந்திருச்சு" என்றார் அவர்.

"இரண்டாவது ஜோடி இருக்கிறது" என்றேன். "பதினேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு, பதினெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு."

"அதத்தான் துப்பாக்கிப்படைக்காரன் போன வருசம் அவன் மகனுக்கு வெட்டிக்கிட்டான். அவன் அஞ்சு இலக்கம் போட்டா நான் ஏழு இலக்கம் போடணும். தேடிப் பிடிங்க."

எண்ணை முழத்தில் அளக்கிற மனிதர். மூன்றாவது ஜோடி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்று சொன்னேன். காரணமும் சொன்னேன். அவர் பாதியிலேயே குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள்.

இந்த ஜோடிகளைப் பிடிக்க ஒரு செய்முறை உண்டு. இரண்டை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் மூன்று எண்கள் பிறக்கும். மூன்றும் பகா எண்களாக, அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதவையாக இருந்தால், அந்தப் படியில் ஒரு ஜோடி கிடைக்கும். ஒன்று வகுபட்டாலும் படி செத்தது. இரண்டாம் படியில் இருநூற்று இருபது வருகிறது. மூன்றாம் படி செத்தது. நான்காம் படியில் துப்பாக்கிப்படைக்காரரின் ஜோடி. ஐந்தும் ஆறும் செத்தவை. ஏழாம் படியில் பிறக்கும் மூன்று எண்கள் நூற்றுத் தொண்ணூற்றொன்று, முந்நூற்று எண்பத்து மூன்று, எழுபத்து மூவாயிரத்து எழுநூற்று இருபத்தேழு. முதல் இரண்டும் பகா எண்கள் என்பதைக் காலை உணவுக்கு முன்பே சொல்லிவிடலாம். பாரம் முழுவதும் மூன்றாவதன் மேல் இருக்கிறது. 73727. எழுத்தர் சரியாக எழுதியிருக்கிறாரா பாருங்கள். அந்த எண்ணுக்காகத்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

பத்து வருடங்களுக்கு முன் நான் ஒரு நூல் எழுதினேன். அதன் நாற்பதாம் பக்கத்தில், ஏழாம் படியும் செத்தது, ஏனென்றால் 73727 என்பது ஐம்பத்து மூன்றும் ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பதும் பெருக்கி வருவது, என்று எழுதியிருக்கிறேன். புழுதிப் பலகையில் வகுத்துப் பார்த்தேன், மீதி இல்லை. பிறகு ஒன்பதுகளைத் தள்ளிச் சரிபார்த்தேன். சொல்லித் தருகிறேன், எளிது. ஐம்பத்து மூன்றின் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு. 1459இன் இலக்கங்களைக் கூட்டினால் பத்தொன்பது, அதில் ஒன்பதுகளைத் தள்ளினால் ஒன்று. எட்டை ஒன்றால் பெருக்கினால் எட்டு. இப்போது 73727இன் இலக்கங்களைக் கூட்டுங்கள். இருபத்தாறு. ஒன்பதுகளைத் தள்ளினால் எட்டு. எட்டுக்கு எட்டு. முடிந்தது. பலகையைத் தட்டி அழித்துவிட்டேன். அந்த நூலுக்காகத்தான் மதரஸாவில் கணிதம் சொல்லித்தரும் இடம் எனக்குக் கிடைத்தது. இருபது பேர் மண்டியிட்டு உட்கார்ந்து நாற்பதாம் பக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

இனி ரஜபலி. பித்தளையில் எழுத்து வெட்டுகிறவன். வானியல்காரர்கள் கையில் தொங்கவிட்டு நட்சத்திர உயரம் அளக்கும் தட்டு இருக்கிறதே, அதில் கோடும் எழுத்தும் வெட்டுவது அவன் தொழில். கை நன்றாகவே ஓடும், அதை மறுக்கவில்லை. வாயில் எப்போதும் முலாம்பழ விதை. உடைத்துத் தின்று தொலியை மடியில் துப்பிக்கொண்டே பேசுவான். அரபியில் ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் படிக்க வராது. தட்டுகளில் வெட்டுவதற்குக் கொடுத்த எண்களைப் பார்த்துப் பார்த்தே கணக்குக் கற்றுக்கொண்டானாம். குதிரைச் சாணி அள்ளியே சவாரி கற்றதாக ஒருவன் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

நாசிர் பேக் கிண்ணம் வெட்ட அவனிடம் சொல்லியிருக்கிறார். எண் இன்னும் வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இவன் தானே உட்கார்ந்து தேடியிருக்கிறான். ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான், தொலி நிறைந்த மடியோடு.

"முல்லா ஜான், கோவிச்சுக்காதீங்க. ஏழாவது படி சாகல. உசுரோடதான் இருக்கு."

என்னை 'ஜான்', அன்பே, என்று கூப்பிடும் உரிமையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. "நாற்பதாம் பக்கம் படித்தாயா?"

"படிச்சேன். அதனாலதான் வந்தேன். அம்பத்து மூணு போகாது. நாலு மிஞ்சுது. மத்த எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்துட்டேன், எதுவும் போகல. அது பகா எண்."

"ஒன்பதுகளைத் தள்ளிச் சரிபார்த்தது."

"ஒன்பது நல்லவன்தான், ஆனா கண்ணு கொஞ்சம் மந்தம். ரெண்டு இலக்கம் இடம் மாறி உக்காந்துட்டா அவனுக்குத் தெரியாது. கூட்டுத்தொகை மாறாதில்லையா? பதினொண்ணால தள்ளிப் பாருங்க. ஒரு இலக்கத்தக் கூட்டி அடுத்தத கழிச்சு, கூட்டிக் கழிச்சு. இலக்கம் இடம் மாறுனா பதினொண்ணு கையும் களவுமா புடிச்சிடுவான். நிமிசத்துல ஆயிடும், வாங்க, இங்கயே மண்ணுல போட்டுப் பாப்போம்."

சொல்லிவிட்டு என் வாசலில் குந்தி, விரலால் மண்ணில் எழுதத் தொடங்கிவிட்டான். தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். பதினொன்றால் தள்ளிப் பார்ப்பது பலசரக்குக்காரர்கள் செய்வது; தங்கள் கையையே நம்பாதவர்களுக்காக ஏற்பட்டது. எனக்கு முன்னால் மூன்று தலைமுறை அறிஞர்களுக்கு ஒன்பது போதுமானதாக இருந்தது. காலால் அந்த மண்ணைக் கலைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு பித்தளைக்காரன் வாசலுக்கு வந்து வகுக்கச் சொன்னால் வகுத்துக்கொண்டிருப்பவனுக்குப் பெயர் அறிஞன் அல்ல.

நீங்கள் கேட்கலாம், அவன் போன பிறகாவது தனியாக வகுத்துப் பார்த்தீரா என்று. இல்லை. சரியான ஒன்றை மறுபடி பார்ப்பது அதை அவமதிப்பது.

அவன் நேராக நாசிர் பேக்கிடம் போனான். அவருக்கு ஏழு இலக்கம் வேண்டும், இவன் ஏழு இலக்கம் வைத்திருக்கிறான். தொண்ணூற்று மூன்று லட்சத்து அறுபத்து மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு ஒரு கிண்ணத்துக்கு. தொண்ணூற்று நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐம்பத்தாறு மற்றதற்கு. அவன் எழுதிக் கொடுத்த தாளை நாசிர் பேக் என் முன்னால் விரித்தார், கிழட்டுக் குதிரையை விற்கிற மாதிரி.

"நீங்க இல்லேங்கிறீங்க, அவன் இருக்குங்கிறான். எனக்கு ரெண்டு பேரு பேச்சும் புரியல. புதன்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து முதல்லருந்து போட்டுப் பாருங்க. அவன் வகுக்கட்டும், நீங்க எழுதுங்க. வெள்ளிக்கிழமை கல்யாணம். மதரஸா பெரியவங்க அத்தனை பேரும் பந்தியில இருப்பாங்க. யாரு சொன்னது தப்புன்னு அங்கயே சொல்லிடுவோம். எல்லாருக்கும் ஒரு சிரிப்பா இருக்கும்."

சிரிப்பா இருக்கும். சரியாக அதே சொற்கள்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். 73727 பகா எண்ணா என்று பார்க்க எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், அதிலும் இருநூற்று எழுபத்தொன்று வரை போனால் போதும். அதற்கு மேற்பட்ட ஒன்று வகுத்தால் அதன் கூட்டாளி அதற்குக் கீழே இருக்கும், அது முன்பே அகப்பட்டிருக்கும். இரண்டை விட்டுவிடலாம், எண் ஒற்றைப்படை. மிச்சம் ஐம்பத்தேழு. ஐம்பத்தேழு வகுத்தல், ஐம்பத்தேழு மீதி. ஒரு மதியத்து வேலை.

இடம் என் வீட்டின் பின்னறை. புழுதிப் பலகையில் போடுகிறவனுக்குக் காற்று ஆகாது. பலகையில் பரப்பிய மெல்லிய புழுதியில்தான் எண்களை விரலால் எழுதி எழுதி அழிக்கிறோம். ஒரு மூச்சு பலமாக விட்டால் ஒரு இலக்கம் போகும். அதனால் கணக்கர் உட்காரும் அறையில் எல்லாத் திறப்பையும் அடைப்போம். இன்னொருவர் கூட உட்கார்வதில்லை, அவர் அசைந்தாலும் புழுதி அசையும். வெளியே உட்கார்ந்து வகுக்கும் எண்ணைச் சொல்வார், உள்ளிருந்து மீதி வரும், வெளியே இருப்பவர் எழுதிக்கொள்வார். எங்கள் வழக்கம் இது. நான் புதிதாக எதையும் ஏற்பாடு செய்யவில்லை. அவனே வந்ததும் வராததுமாகச் சொன்னான்: "நல்லா அடைச்சிடுங்க முல்லா ஜான். போன வாரம் பூனை ஒண்ணு உள்ள வந்து அரை நாள் வேலைய வாலால தொடச்சிட்டுப் போயிருச்சு."

கூரையில் ஒரு புகைப்போக்குத் துளை உண்டு. அதில் கம்பளத் துணியைக் காலையிலேயே மேலிருந்து திணித்திருந்தேன். கதவுக்கு இரட்டைக் கம்பளத் திரை. அறை நடுவில் குர்சி போட்டிருந்தேன்: குட்டை மேசை, அதன் கீழே கணப்புச் சட்டி, மேலே பஞ்சு வைத்த பெரிய ரஜாய்ப் போர்வை. குளிர் அப்படி. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் கரியை முற்றத்தில் வைத்து, கறுப்பு முழுதும் போய்ச் சாம்பல் பூத்த பிறகே உள்ளே கொண்டுவருவார்கள். பூக்காத கரி மூடிய அறையில் என்ன செய்யும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு மூன்று வீட்டில் நடக்கிறது. யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை. நான் கறுப்புப் போகாத கரியை வைத்து, மேலே பழைய சாம்பலைத் தூவினேன். அவன் ரஜாயைத் தூக்கிப் பார்த்தான். "நல்லா பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் காலை உள்ளே நீட்டினான்.

நண்பகல் தொழுகைக்குப் பிறகு தொடங்கினோம். கதவைப் பூட்டவில்லை. அது முக்கியம், எழுத்தர் அடிக்கோடு போடட்டும். வெறும் திரைதான்.

மூன்று என்றேன். மீதி இரண்டு என்றான். ஐந்து. இரண்டு. ஏழு. மூன்று. சிறியவை விரைவில் ஓடிவிட்டன. இருபத்தொன்பதுக்கு மீதி ஒன்பது என்றான். முப்பத்தொன்றுக்கும் ஒன்பது. நாற்பத்தொன்றுக்கு மறுபடியும் ஒன்பது.

"முல்லா ஜான், உங்க ஆளு விடமாட்டேங்குறான் பாருங்க" என்று உள்ளேயிருந்து சிரித்தான். விதையைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கணக்கின் நடுவில் விதை.

நாற்பத்து மூன்று. இருபத்தைந்து. நாற்பத்தேழு. முப்பத்தொன்று.

ஐம்பத்து மூன்று என்றேன்.

கொஞ்ச நேரம் விரல் புழுதியில் தேயும் ஒலி மட்டும். பிறகு, "நாலு" என்றான்.

"மறுபடி போடு."

"போட்டுட்டேன், ரெண்டு தடவ. அம்பத்து மூணு ஆயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தியொரு தடவ போகுது, நாலு மிஞ்சுது." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டான், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல. "முல்லா ஜான், ஒண்ணு சொல்றேன். பழைய பலகையில ஏதோ இலக்கம் மாறிப்போயிருக்கு, அவ்வளவுதான். பந்தியில அத ஏன் சொல்லணும்? ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபுடிச்சோம்னு சொல்லிடுவோம். நீங்க எழுதுனதாவே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. பேக்குக்கு எண்ணு வேணும், எனக்கு வெட்ட வேலை வேணும்."

பித்தளைக்காரன் எனக்கு மன்னிப்புத் தருகிறான். என் வீட்டில், என் ரஜாய்க்குள் காலை நீட்டிக்கொண்டு. நான் தாளில் ஐம்பத்து மூன்றுக்கு நேரே நாலு என்று எழுதினேன். அவன் சொல்வதை எழுதுவதுதான் என் வேலை. பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிக்கு அர்த்தம், கரி வேலை செய்யத் தொடங்கிவிட்டது, இவன் அறிவு மங்குகிறது என்பது. பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் நாலு வேறு எப்படி வரும்?

"ஐம்பத்தொன்பது" என்றேன்.

தொண்ணூற்றேழுக்கு ஏழு சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது என்றான். பசியாக இருக்கும் என்றேன். நூற்றிருபத்தேழில், "காலு மரத்துப்போச்சு, எந்திரிச்சு ஒரு தடவ வெளிய வந்துட்டுப் போறேன்" என்றான். எழுந்தால் ரஜாய் அசையும், ரஜாய் அசைந்தால் புழுதி கலையும், கலைந்தால் மூன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றேன்.

"ஐயையோ, வேண்டாம் சாமி" என்றான். "அறுபத்தேழு மிஞ்சுது. அடுத்தது சொல்லுங்க."

விதையின் சத்தம் அதற்கு முன்பே நின்றிருந்தது. நூற்று எழுபத்து மூன்றுக்கு வெகுநேரம் கழித்துத் தொண்ணூற்றிரண்டு என்றான். எழுதப் போனேன். "இல்ல, இருங்க. மாத்திச் சொல்லிட்டேன். இருபத்தொன்பது. ரெண்டு இலக்கமும் இடம் மாறிடுச்சு. பாத்தீங்களா, யாருக்கும் வரும்." நாக்கு தடித்திருந்தது. தொண்ணூற்றிரண்டை அடித்துவிட்டு இருபத்தொன்பது என்று எழுதினேன். அந்த அடித்தலும் தாளில் இருக்கிறது.

நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு ஒன்று என்றான். நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கும் ஒன்று என்றான். பழைய பதிலையே திரும்பச் சொல்கிறான், முடிந்தது இவன் கதை என்று நினைத்தேன். பின்னால் பார்த்தபோது இரண்டுக்குமே மீதி ஒன்றுதான். தற்செயல்.

நூற்றுத் தொண்ணூற்றேழு என்றேன். பதில் வரவில்லை.

இங்கேதான் நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நாசிர் பேக்கும் இங்கேதான் சுளித்தார். ஒரு வகுத்தலுக்கு ஆகும் நேரம் காத்திருந்தேன். தாளில் 'பதில் இல்லை' என்று எழுதினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றேன். காத்திருந்தேன். பதில் இல்லை. இருநூற்றுப் பதினொன்று. இப்படி இருநூற்று எழுபத்தொன்று வரை சொன்னேன். ஒரு பட்டியலைத் தொடங்கினால் பாதியில் விடுவது என் பழக்கம் இல்லை. மாலைத் தொழுகைக்கு அழைத்தார்கள். கைகால் கழுவித் தொழுதுவிட்டு வந்து திரையை விலக்கினேன்.

அவன் பலகையை அணைத்தபடி சாய்ந்திருந்தான். முகம் நல்ல நிறமாக இருந்தது, வெளியூர் போய்வந்தவன் போல. பலகையில் நூற்றுத் தொண்ணூற்றேழின் வகுத்தல் இருந்தது. முடிந்திருந்தது. மீதி நாற்பத்தொன்பது என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தான். சொல்லத்தான் குரல் வரவில்லை போலும். நாற்பத்தொன்பது சரிதான். ஆனால் தாளில் அதைச் சேர்க்கவில்லை. வாயால் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பலகையைத் தட்டிச் சமப்படுத்தினேன். பிறகு துளையிலிருந்து கம்பளத்தை எடுத்தேன், பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவன் மனைவி மாஹ்பானு வந்தாள். கரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவன் மடியில் கிடந்த தொலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, "அவர் போட்டது சரியா வந்துச்சா முல்லா?" என்று மட்டும் கேட்டாள். முடிக்கவில்லை என்றேன். அது உண்மை.

மறுநாள் தாளை நாசிர் பேக்கிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கு முழுமையாகவில்லை, கிண்ணத்தில் எண் வெட்ட முடியாது, நூல் சொன்னபடியே நிற்கிறது என்று சொன்னேன். அவருக்கு எண் படிக்க வராது, ஆனால் எழுத்து படிக்க வரும். விரலை வைத்துக் கீழிருந்து மேலே எண்ணினார், குதிரைப் பல்லை எண்ணுவது போல.

"பதினாலு இடத்துல பதில் இல்லைன்னு எழுதியிருக்கு."

"ஆமாம்."

"ஒரு மனுசன் பேச்சு நின்னுபோச்சு. நீங்க பதினாலு தடவ வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டேவா இருந்தீங்க?"

பதில் சொன்னேன், பட்டியல் ஐம்பத்தேழு என்று. அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். உங்கள் ஆட்கள் ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். கணக்குத் தெரியாத ஒருவரால் பிடிபட்டேன் என்பது எனக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது.

சரி. நான்தான் செய்தேன். உஸ்தாத் ரஜபலியை மூடிய அறையில் உட்காரவைத்து, பூக்காத கரியின் மேல் சாம்பல் தூவி, துளையை அடைத்து, எழுந்து வரவிடாமல் எண் சொல்லிச் சொல்லிக் கொன்றேன். கோபத்தில் அல்ல. ஒரு பொய்யான எண் பித்தளையில் ஏறி நூறு வருடம் கிடக்காமல் தடுத்தேன். யாராவது ஒருவர் செய்யவேண்டியிருந்தது.

உங்கள் கேள்வி புத்திசாலித்தனமானது, எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்து மூன்றில் அவன் பொய் தானே உடையும் என்று அவ்வளவு உறுதியாக இருந்திருந்தால், காலையிலேயே ஏன் கூரைத் துளையை அடைத்தீர் என்று கேட்கிறீர்கள். கவனமுள்ளவன் ஒரே ஒரு சோதனையை நம்பி இருக்கமாட்டான், அவ்வளவுதான்.

உங்கள் எழுத்தர் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? தாளின் ஓரத்தில் எதையோ பெருக்கிக்கொண்டிருக்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள்.

"அம்பத்து மூணையும் ஆயிரத்து நானூத்தி அம்பத்தொன்பதையும் பெருக்கினேங்க. எழுபத்தேழாயிரத்து முன்னூத்தி இருபத்தேழு வருது. எழுபத்து மூவாயிரத்து எழுநூத்தி இருபத்தேழு வரல. ரெண்டாவது இலக்கமும் மூணாவது இலக்கமும் இடம் மாறியிருக்கு முல்லா. வகுத்தும் பாத்துட்டேன். நாலுதான் மிஞ்சுது."

தாருகா அவர்களே, இவரும் நாலு என்கிறார். முதலிலேயே சொன்னேன், இந்த அறையில் கரி சரியாகப் பூக்கவில்லை. கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். உங்கள் எழுத்தருக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது.